சாகத் தவறிய செல்கள்: நாட்பட்ட லிம்போசைட் இரத்தப் புற்றுநோயும் பிசிஎல்-2 புரதமும்

2013-ஆம் ஆண்டு வெளியான ஓர் ஆய்வுக் கட்டுரை, புதிய மூலக்கூறு ஒன்று ஆய்வகத்திலும் எலிகளிலும் எவ்வாறு செயல்படுகிறது என்பதை விரிவாக விளக்கிவிட்டு, மூன்று நோயாளிகளைப் பற்றியும் சுருக்கமாகக் குறிப்பிட்டது. மூவருக்கும் நாட்பட்ட லிம்போசைட் இரத்தப் புற்றுநோய் இருந்தது. முந்தைய சிகிச்சைகளுக்கு மூவரின் நோயும் கட்டுப்படவில்லை. அப்போது ஏபிடி-199 என்ற எண்ணால் அழைக்கப்பட்டு, பின்னர் வெனிடோகிளாக்ஸ் என்று பெயர் பெற்ற அந்த மருந்தை ஒரே ஒரு வேளை உட்கொண்ட 24 மணி நேரத்திற்குள், அவர்களுடைய புற்றுச் செல்கள் கூட்டங்கூட்டமாகச் சிதைந்துகொண்டிருப்பதற்கான அடையாளங்கள் தென்பட்டன.

இந்த மருந்து டிஎன்ஏவைச் சேதப்படுத்துவதில்லை; செல் பிரிவதைத் தடுப்பதில்லை; நோய் எதிர்ப்பு மண்டலத்தைத் தூண்டிவிடுவதும் இல்லை. பிசிஎல்-2 என்ற புரதத்தின் மேற்பரப்பில் உள்ள ஒரு பள்ளத்தில் போய் அமர்கிறது, அவ்வளவுதான். பல மருந்துகளைத் தாங்கி ஆண்டுக்கணக்கில் நிலைத்திருந்த செல்கள் ஒரு மாத்திரைக்கு ஒரே நாளில் மடிந்தது எதனால் என்று தேடிப் போனால், புற்றுநோய் உருவாவதிலும் முற்றுவதிலும் செல் இறப்புக்கு உள்ள பங்கின் பெரும்பகுதி அதிலேயே அடங்கியிருப்பது தெரியவரும். அதனால்தான் இந்த ஒரு நோயையும் இந்த ஒரு புரதத்தையும் இங்கே ஆய்வுக்கு எடுத்துக்கொள்கிறோம்.

நோயின் இயல்பு

நாட்பட்ட லிம்போசைட் இரத்தப் புற்றுநோய் மேலை நாடுகளில் பெரியவர்களுக்கு வரும் இரத்தப் புற்றுநோய்களில் மிகப் பரவலானது. இந்தியா உள்ளிட்ட ஆசிய நாடுகளில் ஒப்பளவில் குறைவு. பெரும்பாலும் முதியவர்களைத் தாக்கும் இந்நோய், வேறு காரணத்துக்காகச் செய்யப்படும் இரத்தப் பரிசோதனையில் தற்செயலாகப் பிடிபடுவது வழக்கம். இரத்தத் துளியைக் கண்ணாடித் தகட்டில் பரப்பிச் சாயமேற்றிப் பார்த்தால், சிறிய, முதிர்ந்த தோற்றமுடைய பி-லிம்போசைட்டுகள் (ஆன்டிபாடி உருவாக்கும் வகை வெள்ளணுக்கள்) அளவுக்கு மிஞ்சி நிறைந்திருக்கும். அவற்றுக்கிடையே, தகட்டில் தேய்க்கும்போதே நசுங்கி உருக்குலைந்த செல்களின் ஊதா நிறக் கறைகளும் ஆங்காங்கே காணப்படும். ஒரு மைக்ரோலிட்டர் இரத்தத்தில் ஒரே மூலத்திலிருந்து வந்த பி-லிம்போசைட்டுகள் 5,000 அல்லது அதற்கு மேல் இருந்து, அந்நிலை மூன்று மாதங்களாவது நீடித்தால் நோய் உறுதி செய்யப்படுகிறது. உறுதியான உடனே சிகிச்சை தொடங்குவதில்லை. அறிகுறி இல்லாதவர்களைக் கண்காணித்துக் காத்திருப்பதே இன்றும் முறையான அணுகுமுறை.

கட்டுப்பாடின்றிப் பெருகும் செல்களே புற்றுநோய் என்று நாம் படித்துப் பழகிய விளக்கத்துக்கு இந்த நோய் எளிதில் உடன்படுவதில்லை. இரத்தத்தில் சுற்றும் இப்புற்றுச் செல்களில் மிகப் பெரும்பாலானவை பிரியும் நிலையிலேயே இருப்பதில்லை. எனவே நெடுங்காலமாக இதை வெறும் தேக்க நோயாகவே மருத்துவர்கள் கருதினர்: செல்கள் பெருகுவதில்லை, சாக வேண்டிய காலத்தில் சாகாமல் சேர்ந்துகொண்டே போகின்றன என்பதே அந்தக் கருத்து. நோயாளிகளைக் கன நீர் அருந்தச் செய்து, புதிதாகப் பிறக்கும் செல்களின் டிஎன்ஏவில் அந்நீரிலுள்ள டியூட்டீரியம் என்ற கன ஹைட்ரஜன் எவ்வளவு சேர்கிறது என்று அளந்த 2005-ஆம் ஆண்டு ஆய்வு அந்தக் கருத்தைத் திருத்தியது. மொத்தப் புற்றுச் செல் தொகையில் நாளொன்றுக்கு 0.1 சதவீதம் முதல் 1 சதவீதத்துக்கு மேல் வரை புதிதாகப் பிறப்பதாக அது கண்டது. உடலில் ஒரு லட்சம் கோடி புற்றுச் செல்கள் இருப்பதாக வைத்துக்கொண்டால், குறைந்தபட்ச விகிதத்திலேயே நாளுக்கு 100 கோடி புதிய செல்கள் பிறக்கின்றன. நிணநீர்க் கணுக்களிலும் எலும்பு மஜ்ஜையிலும் பிறப்பு நடக்கிறது. அதற்கு ஈடான இறப்பு நடப்பதில்லை. வரவு செலவு இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் இந்த நோய் புரியும்.

செலவு குறைந்ததற்கான காரணங்களில் ஒன்று 13-ஆவது குரோமோசோமில் இருக்கிறது. நோயாளிகளில் பாதிக்கு மேற்பட்டோரிடம் அந்தக் குரோமோசோமின் நீண்ட கரத்தில் ஒரு சிறு துண்டு காணாமல் போயிருக்கும். அத்துண்டில் வழக்கமான புரத மரபணு எதுவும் குற்றவாளியாகச் சிக்காததால் ஆய்வாளர்கள் பல ஆண்டுகள் திணறினர். 2002-இல் கார்லோ குரோச்சேயின் குழு, மிர்-15ஏ, மிர்-16-1 என்ற இரண்டு நுண் ஆர்என்ஏக்கள் அங்கிருப்பதைக் கண்டறிந்தது. அவை பிசிஎல்-2 புரதத்தின் உற்பத்தியை அடக்கி வைப்பவை என்பது 2005-இல் வெளிப்பட்டது. அடக்குபவை தொலைந்தால் பிசிஎல்-2 மிகுகிறது. இருப்பினும் அத்துண்டு இழக்கப்படாத நோயாளிகளின் செல்களிலும் பிசிஎல்-2 மிகுந்தே காணப்படுகிறது என்பதால், அந்த நிலையை அடைய இந்நோய்க்கு ஒன்றுக்கு மேற்பட்ட வழிகள் உள்ளன என்று கொள்வதே பொருத்தம்.

இயல்பான இறப்பு

செல் இறப்பில் முக்கியமாக இருவகை. நசுங்கியோ வெந்தோ இரத்த ஓட்டம் நின்றோ சாகும் செல் வீங்கி வெடித்து, உள்ளிருப்பதைச் சுற்றிலும் கொட்டி, அழற்சியை வரவழைக்கும். இன்னொரு வகையை ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேனைச் சேர்ந்த நோயியலாளர் ஜான் கெர், எலிகளின் கல்லீரலுக்குச் செல்லும் போர்ட்டல் சிரையின் ஒரு கிளையைக் கட்டிவிட்டுத் திசுவை ஆராய்ந்தபோது கவனித்தார். அங்கே செல்கள் ஒவ்வொன்றாக, சத்தமின்றிச் சுருங்கி, சவ்வு மூடிய சிறு உருண்டைகளாகப் பிரிந்து, அண்டைச் செல்களால் விழுங்கப்பட்டன. அழற்சியின் சுவடே இல்லை. 1972-இல் ஸ்காட்லாந்தின் அபெர்தீன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆண்ட்ரூ வைலி, அலஸ்டேர் கரி ஆகியோருடன் சேர்ந்து இதை அப்போப்டோசிஸ் என்ற பெயரில் கெர் முன்வைத்தார். அக்கட்டுரை வெளியானது ஒரு புற்றுநோய் இதழில் என்பதும், கட்டிகளுக்குள்ளும் இவ்வகை இறப்பு ஓயாமல் நடந்துவருகிறது என்று அது அப்போதே சுட்டிக்காட்டியது என்பதும் குறிப்பிடத்தக்கவை. பல ஆண்டுகள் அதைப் பெரிதாக யாரும் பொருட்படுத்தவில்லை.

இந்த இறப்பு மரபணுக்களில் எழுதப்பட்ட ஒரு நிரல் என்பதை நிறுவியது, ஒரு மில்லிமீட்டர் நீளமுள்ள சீனோராப்டைட்டிஸ் எலிகன்ஸ் என்ற உருளைப்புழு. அதன் வளர்ச்சியில் உருவாகும் 1,090 உடற்செல்களில் சரியாக 131 செல்கள் ஒவ்வொரு புழுவிலும் குறித்த இடத்தில், குறித்த நேரத்தில் சாகின்றன. ஜான் சல்ஸ்டன் அச்செல்களின் வம்சாவளியைத் தொகுத்தார். ராபர்ட் ஹார்விட்ஸ் அந்த இறப்பை நடத்தும் மரபணுக்களைக் கண்டுபிடித்தார். சிட்னி பிரென்னருடன் சேர்த்து இவர்களுக்கு 2002-இல் மருத்துவ நோபல் பரிசு வழங்கப்பட்டது. மனிதனின் பிசிஎல்-2 மரபணுவைப் புழுவுக்குள் செலுத்தினால் அங்கும் செல் இறப்பைத் தடுக்கிறது என்று 1992-இல் காட்டப்பட்டபோது, அறுபது கோடி ஆண்டு பரிணாம இடைவெளியைத் தாண்டியும் இந்த நிரல் பெரிதும் மாறாதிருப்பது உறுதியானது.

மனிதச் செல்லில் இறப்பின் திருப்புமுனை மைட்டோகாண்ட்ரியாவின் வெளிச்சவ்வில் நிகழ்கிறது. பாக்ஸ், பாக் என்ற இரு புரதங்கள் அங்கே ஒன்றுகூடித் துளைகளை உண்டாக்குகின்றன. அத்துளைகள் வழியே, வழக்கமாகச் சுவாசத்துக்குப் பயன்படும் சைட்டோகுரோம்-சி வெளியேறுகிறது. அது ஏபாஃப்-1 என்ற புரதத்துடன் சேர்ந்து சக்கர வடிவக் கூட்டமைப்பு ஒன்றை உருவாக்கிக் காஸ்பேஸ் எனப்படும் வெட்டும் நொதிகளை முடுக்கிவிடுகிறது. காஸ்பேஸ்கள் நூற்றுக்கணக்கான புரதங்களைத் துண்டாடுகின்றன, டிஎன்ஏவை நறுக்கும் நொதியை விடுவிக்கின்றன, சவ்வின் உட்புறமிருக்கும் பாஸ்ஃபடிடைல்செரின் என்ற கொழுப்பு மூலக்கூறை வெளிப்புறத்துக்குக் கொண்டுவரச் செய்கின்றன. அதை உணரும் விழுங்கு செல்கள் எச்சங்களை அப்புறப்படுத்துகின்றன. வெளிச்சவ்வில் துளை விழுந்தபின் செல் பிழைப்பது அரிது. ஆகவே துளை விழாமல் காப்பவர் யார் என்பதே கேள்வி.

பிசிஎல்-2: பெருகச் செய்யாத புற்றுநோய் மரபணு

பிசிஎல்-2 முதலில் அகப்பட்டது வேறொரு நோயில். ஃபாலிகுலர் லிம்போமா என்ற நிணநீர்ப் புற்றுநோயில் சுமார் 85 சதவீத நோயாளிகளிடம் 14-ஆம் குரோமோசோமும் 18-ஆம் குரோமோசோமும் துண்டுகளை மாற்றிக்கொண்டிருக்கும். பி-செல்கள் (பி-லிம்போசைட்டுகள்) தம் ஆன்டிபாடி மரபணுக்களை வெட்டி ஒட்டிப் புதிது செய்துகொள்ளும் இயல்பான வேலையில் நேரும் பிழை இது. 1984-85-இல் பிலடெல்பியாவில் யோஷிஹிதே சுஜிமோட்டோவும் குரோச்சேயும் இந்த ஒட்டின் இருபுறத்தையும் படித்து, 18-ஆம் குரோமோசோமிலிருந்து வந்த மரபணுவைப் பிரித்தெடுத்தனர். பி-செல்லில் எப்போதும் உச்ச வேகத்தில் இயங்கும் ஆன்டிபாடி மரபணுவின் பக்கத்தில் குடியேறியதால், அம்மரபணு தன் புரதத்தை ஓய்வின்றி உற்பத்தி செய்துகொண்டிருந்தது.

அன்று வரை அறியப்பட்டிருந்த புற்றுநோய் மரபணுக்கள் செல்லைப் பெருகத் தூண்டுபவை. இதுவும் அப்படித்தான் இருக்கும் என்று எல்லாரும் எண்ணினர். மெல்போர்னில் உள்ள வால்டர் அண்ட் எலைசா ஹால் ஆய்வு நிறுவனத்தில் டேவிட் வா, சுசான் கோரி, ஜெரி ஆடம்ஸ் ஆகியோர் 1988-இல் வெளியிட்ட பரிசோதனை அந்த எண்ணத்தை உடைத்தது. இன்டர்லூகின்-3 என்ற வளர்ச்சிக் காரணி இல்லாவிட்டால் செத்துப்போகும் எலிச் செல்களில் பிசிஎல்-2 மரபணுவைச் செலுத்தி, பிறகு அந்தக் காரணியை வளர்ப்புக் கரைசலிலிருந்து நீக்கினார்கள். சாதாரணச் செல்கள் மடிந்தன. பிசிஎல்-2 பெற்ற செல்கள் சாகவில்லை, பெருகவும் இல்லை. வெறுமனே உயிரோடிருந்தன. இப்பரிசோதனையை இத்துறையின் மிகத் தெளிவான பரிசோதனைகளுள் ஒன்றாகக் கருதுகிறேன்: சாகாமையும் பெருக்கமும் இரு வேறு குணங்கள், அவை தனித்தனியே கெட முடியும் என்பதை ஒரே கிண்ணத்தில் பிரித்துக் காட்டியது அது.

ஆனால் சாகாமை மட்டுமே புற்றுநோயாகுமா? ஸ்டான்லி கோர்ஸ்மேயரின் ஆய்வகத்தில் இந்த ஒட்டு மரபணுவைத் தாங்கிப் பிறந்த எலிகளுக்கு முதலில் வந்தது புற்றுநோயன்று. சாதாரணத் தோற்றமுள்ள பி-செல்கள் மிகுந்து மண்ணீரல் வீங்கியது, அவ்வளவே. ஓராண்டுக்கு மேல் கழிந்த பிறகுதான் அவற்றில் சிலவற்றுக்குக் கடுமையான லிம்போமா தோன்றியது. அக்கட்டிகளை ஆராய்ந்தபோது, பாதியளவில் மிக் என்ற பெருக்கத் தூண்டு மரபணுவும் இடம் மாறியிருந்தது. பிசிஎல்-2, மிக் இரண்டையும் பிறவியிலேயே பெற்ற எலிகளுக்குப் புற்றுநோய் மிக விரைவாக வந்தது. மிக் மட்டும் மிகுந்தால் செல் பெருகும், கூடவே சாகவும் செய்யும். தேவைக்கு மேல் முடுக்கப்பட்ட செல் தன்னைத்தானே மாய்த்துக்கொள்வது உடலின் பாதுகாப்பு ஏற்பாடு. பிசிஎல்-2 அந்தப் பாதுகாப்பை முடக்குகிறது.

மனிதர்களிடமும் இதே கணக்குதான். 14, 18 குரோமோசோம்களின் இந்த ஒட்டைச் சுமக்கும் ஒரு சில பி-செல்கள் உடல்நலமுள்ள பல பெரியவர்களின் இரத்தத்திலும் உண்டு. அவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு லிம்போமா வருவதேயில்லை. சாகாமை ஒரு செல்லுக்குக் கொடுப்பது அவகாசம் மட்டுமே. அந்த அவகாசத்தில் இரண்டாவது, மூன்றாவது பிறழ்வுகள் ஏற்பட்டால் நோய் பிறக்கிறது; மேலும் ஏற்பட்டால் முற்றுகிறது. மெதுவாக ஊரும் ஃபாலிகுலர் லிம்போமா ஆண்டுக்கு ஏறத்தாழ 2 முதல் 3 சதவீத நோயாளிகளிடம் வேகமான பெரிய பி-செல் லிம்போமாவாக மாறுவதும், மிக், பிசிஎல்-2 இரண்டும் ஒருசேர இடம் மாறிய லிம்போமாக்கள் மருத்துவர்களைத் திணறடிப்பதும் இதன் விளைவுகளே.

தடுத்து வைக்கப்பட்ட இறப்பு

பிசிஎல்-2 எப்படிக் காக்கிறது என்பதில்தான் அதன் பலவீனமும் இருக்கிறது. இப்புரதக் குடும்பத்தில் மூன்று பிரிவுகள்: துளையிடும் பாக்ஸ், பாக்; அவற்றை அடக்கும் பிசிஎல்-2, பிசிஎல்-எக்ஸ்எல், எம்சிஎல்-1 முதலியன; செல்லுக்கு ஏதேனும் கேடு நேர்ந்தால் எழுந்து இறப்பைத் தொடங்கிவைக்கும் பிம், பூமா, நாக்ஸா போன்ற தூதுப் புரதங்கள். தூதுப் புரதங்களில் பிஎச்3 என்ற குட்டையான சுருள் பகுதி ஒன்று உண்டு. பிசிஎல்-2வின் மேற்பரப்பில் உள்ள நீர் ஒட்டாத பள்ளம் அந்தச் சுருளைக் கவ்விப் பிடித்து, தூதுப் புரதத்தைச் செயலற்றதாக்கிவிடுகிறது.

பாஸ்டனில் ஆண்டனி லீட்டையின் குழு 2007-இல் நாட்பட்ட லிம்போசைட் இரத்தப் புற்றுநோயின் செல்களைத் திறந்து பார்த்தபோது, அவற்றின் பிசிஎல்-2 வெறுமனே இருக்கவில்லை. அதன் பள்ளங்களில் பிம் ஏராளமாகப் பிடிபட்டிருந்தது. அதாவது இச்செல்கள் இறப்பு ஆணையை எப்போதோ பெற்றுவிட்டன. ஆணையை நிறைவேற்றும் கருவிகளும் கெடாமல் இருக்கின்றன. நடுவில் ஒரு புரதம் மறித்து நிற்பதால் மட்டுமே உயிரோடிருக்கின்றன. புற்றுச் செல் இறக்கும் திறனையே இழந்துவிட்டது என்ற பொதுவான கூற்று இந்த நோயைப் பொறுத்தவரை தவறு. பல இயல்பான செல்களைவிட அது இறப்பின் விளிம்புக்கு மிக அருகில் நிற்கிறது.

பி53 புரதத்தை இழந்த நோயாளிகளுக்கு இந்த வேறுபாடு உயிர்ப் பிரச்சினை. டிஎன்ஏ சேதமடைந்தால் பி53 எழுந்து பூமாவையும் நாக்ஸாவையும் உற்பத்தி செய்யச் சொல்லும். பழைய கீமோதெரபி மருந்துகள் பெருமளவு இந்த வழியாகவே கொல்கின்றன. பி53-இன் மரபணு அமைந்துள்ள 17-ஆம் குரோமோசோமின் குட்டைக் கரத்தை இழந்த செல்லில் பி53 இருப்பதில்லை அல்லது பழுதுபட்டிருக்கும். மருந்து டிஎன்ஏவை உடைக்கிறது, ஆனால் செய்தி போய்ச் சேருவதில்லை. அதற்கும் கீழ்நிலையில் இருக்கும் பிசிஎல்-2வை நேரடியாகத் தொட்டால், ஏற்கெனவே பிடித்து வைக்கப்பட்டிருக்கும் பிம் விடுபடும். பி53-இன் அனுமதி தேவைப்படாது.

ஒன்றை இங்கே சொல்லாமல் விட முடியவில்லை. ஏதோ ஒரு மூலிகைச் சாறு அல்லது மசாலாப் பொருள் புற்றுச் செல்களின் ‘தற்கொலையைத் தூண்டுகிறது’ என்று பரப்பப்படும் செய்திகளுக்குப் பின்னால் பெரும்பாலும் இருப்பது ஆய்வகக் கிண்ணத்தில் செய்த பரிசோதனை. போதிய அடர்வில் ஊற்றினால் எண்ணற்ற பொருள்கள் செல்களில் அப்போப்டோசிஸை உண்டாக்கும். அதே அடர்வு மனித இரத்தத்தில் எட்டக்கூடியதா, இயல்பான செல்லை விட்டுவிட்டுப் புற்றுச் செல்லை மட்டும் தேர்ந்தெடுக்கிறதா என்பவையே கேட்க வேண்டியவை. பின்வரும் மருந்தின் வரலாறு முழுவதும் இந்தத் தேர்ந்தெடுப்புக்கான போராட்டம்தான்.

பள்ளத்தை நிரப்பும் மூலக்கூறு

1990-களில் சிகாகோ அருகே அபாட் நிறுவனத்தில் ஸ்டீபன் ஃபெசிக்கின் குழு பிசிஎல்-எக்ஸ்எல் புரதத்தின் வடிவத்தையும், அதன் பள்ளத்தில் பாக் புரதத்தின் சுருள் படுத்திருக்கும் கோலத்தையும் படம்பிடித்தது. புரதமும் புரதமும் தழுவும் இடத்தைச் சிறு மூலக்கூறு ஒன்றால் பிரிக்க முடியாது என்பது அக்காலத்து நம்பிக்கை. தழுவும் பரப்பு அகலமானது, பிடிமானமற்றது. பள்ளத்தின் இரு குழிகளிலும் பலவீனமாக ஒட்டும் சின்னஞ்சிறு துண்டுகளைக் காந்த ஒத்ததிர்வு முறையில் தேடிக் கண்டுபிடித்து, பின்னர் அவற்றை இணைத்து அக்குழு வெற்றி கண்டது. 2005-இல் வந்த ஏபிடி-737 வாய்வழி உட்கொள்ள ஏற்றதாக இல்லை. அதன் மாத்திரை வடிவ வாரிசான நேவிடோகிளாக்ஸ் நோயாளிகளுக்குப் பலனளித்தது. கூடவே ஒவ்வொரு வேளைக்கும், இரத்தம் உறைய உதவும் தட்டணுக்களின் எண்ணிக்கை சரிந்தது.

அச்சரிவுக்கான காரணத்தை மெல்போர்ன் நிறுவனம் 2007-இல் விளக்கியது. மனிதத் தட்டணு சுமார் 10 நாள் வாழ்கிறது. உட்கரு இல்லாததால் அதனால் புதிய ஆர்என்ஏவை எழுதிக்கொள்ள முடியாது; பிறக்கும்போது கொண்டுவந்த பிசிஎல்-எக்ஸ்எல் படிப்படியாகக் குறைந்து, பாக்-ஐ அடக்க முடியாத அளவுக்கு வற்றும் நாளில் அது இறக்கிறது. நேவிடோகிளாக்ஸ் பிசிஎல்-2வோடு பிசிஎல்-எக்ஸ்எல்லையும் முடக்கியதால் தட்டணுக்களின் ஆயுள் சில மணி நேரத்தில் முடிந்தது. புற்றுநோயைக் கொல்லத் தேவையான அளவை எட்டுவதற்குள் இரத்தக்கசிவு அபாயம் குறுக்கிட்டது.

இரு புரதங்களின் பள்ளங்களும் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருக்கின்றன. வேறுபடும் இடங்களில் ஒன்று, பிசிஎல்-2வின் 103-ஆவது அமினோ அமிலம்: இங்கே அஸ்பார்டிக் அமிலம், பிசிஎல்-எக்ஸ்எல்லில் அதே இடத்தில் ஒரு கார்பன் கண்ணி மட்டுமே கூடுதலான குளுடாமிக் அமிலம். படிகம் ஒன்றில் மருந்துக்கு நெருங்கிய மூலக்கூறு பிசிஎல்-2வுடன் இணைந்திருந்த நிலையை ஆராய்ந்த வேதியியலாளர்கள், பக்கத்து பிசிஎல்-2வின் டிரிப்டோபான் கிளை தற்செயலாக நீண்டு வந்து இந்த 103-ஆம் இடத்தைத் தொட்டுக்கொண்டிருப்பதைக் கண்டனர். அந்தக் கிளையின் வடிவத்தை மருந்திலேயே ஒட்டிவைத்து, பின் அதைச் சற்றே மாற்றியமைத்துப் பெற்றதுதான் வெனிடோகிளாக்ஸ். தட்டணுக்களை அது பெரிதாகத் தொந்தரவு செய்வதில்லை.

சிகிச்சையின் ஆபத்தும் பலனும்

மெல்போர்ன் உள்ளிட்ட இடங்களில் 2011-இல் தொடங்கிய முதற்கட்டப் பரிசோதனையில் எதிர்பாராத சிக்கல் வந்தது. மருந்து அளவுக்கு மீறி வேலை செய்தது. அப்போப்டோசிஸ் தூய்மையான இறப்பு என்பது உண்மைதான், ஆனால் எச்சங்களை அள்ள விழுங்கு செல்கள் போதுமான வரை மட்டுமே. கோடிக்கணக்கான செல்கள் ஒருசேரச் செத்தால் அள்ளப்படாத எச்சங்கள் உடைந்து, பொட்டாசியமும் பாஸ்பேட்டும் யூரிக் அமிலமும் இரத்தத்தில் பொங்கும், கால்சியம் சரியும், சிறுநீரகம் செயலிழக்கலாம், இதயத் துடிப்பு தடுமாறலாம். அளவை உயர்த்திச் சோதித்த முதல் 56 பேரில் மூவருக்கு இத்தகைய கட்டிச் சிதைவு நோய்க்குறி தீவிரமாக ஏற்பட்டு, அவர்களில் ஒருவர் இறந்தார். நிரம்பி வழியும் ஏரியின் மதகை ஒரேயடியாகத் திறந்ததைப் போன்ற விளைவு இது. அளவாகத் திறக்கும் முறை அதன் பின்பே வகுக்கப்பட்டது. முதல் வாரம் நாளுக்கு 20 மி.கி., பிறகு வாரந்தோறும் 50, 100, 200, ஐந்தாம் வாரம் முழு அளவான 400 மி.கி.; கூடவே தண்ணீர் நிறைய, யூரிக் அமிலத்தைக் குறைக்கும் மருந்து, முதல் வேளைகளுக்குப் பின் சில மணி நேரத்துக்கொரு முறை இரத்தப் பரிசோதனை. திருத்திய முறையில் சேர்க்கப்பட்ட அடுத்த 60 பேரில் ஒருவருக்கும் அந்தச் சிக்கல் தீவிர வடிவில் வரவில்லை.

மொத்தம் 116 பேரில் 79 சதவீதத்தினரிடம் நோய் பின்வாங்கியது. 20 சதவீதத்தினரிடம் முழுமையாக மறைந்தது. 17-ஆம் குரோமோசோம் இழப்புள்ள 107 நோயாளிகளிடம் தனியே நடத்திய பரிசோதனையில் 85 பேர் பலன் பெற்றனர். அந்தத் தரவுகளின் அடிப்படையில் 2016 ஏப்ரலில் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் இம்மருந்துக்கு அனுமதி அளித்தது. இருந்தாலும் பி53 இழப்புள்ளோரிடம் நோய் திரும்பும் வேகம் மற்றவர்களைவிட அதிகம். இறப்பைத் தொடங்க பி53 தேவையில்லை என்றாலும், அது இல்லாத செல்லில் புதிய பிறழ்வுகள் சேர்வதைத் தடுக்கவும் ஆளில்லை.

பிசிஎல்-2 எல்லா இடத்திலும் திறவுகோலாக இருப்பதில்லை. பிளாஸ்மா செல்களின் புற்றுநோயான மல்டிபிள் மைலோமாவில் பெரும்பாலான நோயாளிகளின் செல்கள் எம்சிஎல்-1-ஐயே நம்பி வாழ்கின்றன. வெனிடோகிளாக்ஸைச் சேர்த்துக் கொடுத்த ஒரு பெரிய பரிசோதனையில் நோய் கட்டுப்பட்டபோதும் இறப்புகள் கூடியதால், 2019 மார்ச்சில் அமெரிக்க நிர்வாகம் எச்சரிக்கை விடுத்தது. எம்சிஎல்-1-ஐ முடக்கும் மருந்துகளோ இதயத்தில் தடுக்கி நிற்கின்றன. எலிகளின் இதயத் தசையில் அப்புரதத்தை நீக்கியபோது இதயமே செயலிழந்தது.

இறப்பு குறைந்தால் புற்றுநோய் கூடும் என்ற சமன்பாட்டுக்கே எதிரான சான்று ஒன்றும் உண்டு. எலிகளுக்குச் சிறிய அளவில் திரும்பத் திரும்பக் கதிர்வீச்சு கொடுத்தால் தைமஸ் சுரப்பியில் லிம்போமா வரும். பூமா மரபணு இல்லாத எலிகளின் செல்கள் கதிர்வீச்சில் எளிதில் சாகாது என்பதால், அவற்றுக்குப் புற்றுநோய் கூடுதலாக வரும் என்றே எவரும் எதிர்பார்த்திருப்பார்கள். 2010-இல் இரு குழுக்கள் தனித்தனியே கண்டது நேர் எதிர்: பூமா இல்லாத எலிகள் அந்த லிம்போமாவிலிருந்து தப்பின. சாதாரண எலிகளில் கதிர்வீச்சு ஏராளமான இரத்தச் செல்களைக் கொன்று வெற்றிடத்தை உண்டாக்குகிறது. அதை நிரப்ப, டிஎன்ஏ சேதத்தோடு தப்பிய மூலச்செல்கள் அவசரமாகப் பெருகுகின்றன. அப்பெருக்கத்தில்தான் புற்றுநோய் வேர்விடுகிறது. எனவே இறப்பின் அளவை மட்டும் பார்த்துப் பயனில்லை. எந்தச் செல் சாகிறது, அதன் இடத்தை எது நிரப்புகிறது என்பதையும் சேர்த்தே கேட்க வேண்டும்.

எதிர்ப்பு முளைக்கும் விதம்

அந்த இரண்டாவது கேள்வி வெனிடோகிளாக்ஸை நெடுநாள் உட்கொண்டோரிடமும் எழுந்தது. மருந்து எடுத்துக்கொண்டிருக்கும்போதே நோய் திரும்பிய 15 பேரின் செல்களை மெல்போர்ன் குழு ஆராய்ந்து 2019-இல் வெளியிட்டது. ஏழு பேரிடம் பிசிஎல்-2வின் 101-ஆவது அமினோ அமிலம் கிளைசினிலிருந்து வேலினாக மாறியிருந்தது. இந்தச் சிறு மாற்றம் மருந்து பள்ளத்தைப் பற்றும் வலுவை ஏறத்தாழ 180 மடங்கு குறைக்கிறது, பிம்-ஐப் பிடித்து வைக்கும் வேலையையோ கெடுப்பதில்லை. சிகிச்சை தொடங்கி 19 முதல் 42 மாதங்களுக்குள் அது முதலில் தென்பட்டது. நோயாளியின் புற்றுச் செல்களில் ஒரு பகுதியில் மட்டுமே இருந்தது, மீதிச் செல்கள் வேறு வழிகளில் தப்பியிருந்தன. எம்சிஎல்-1 உற்பத்தியைக் கூட்டிக்கொள்வது அவ்வழிகளில் ஒன்று. சில நோயாளிகளிடம், 103-ஆம் இடத்தின் அஸ்பார்டிக் அமிலம் குளுடாமிக் அமிலமாக மாறியிருந்தது. பிசிஎல்-எக்ஸ்எல்லிலிருந்து பிரித்தறிய வேதியியலாளர்கள் பயன்படுத்திக்கொண்ட அதே இடத்தை, புற்றுச் செல் பிசிஎல்-எக்ஸ்எல்லின் சாயலுக்கே மாற்றிக்கொண்டது.

மருந்தின் அழுத்தம் புற்றுச் செல்களோடு நிற்பதில்லை என்று 2022-இல் தெரிந்தது. ஆண்டுக்கணக்கில் வெனிடோகிளாக்ஸ் உட்கொண்ட சிலரின் மைலாய்டு வகை வெள்ளணுக்களில், அதாவது நோயில் பங்கில்லாத செல்களில், பாக்ஸ் மரபணு பழுதான கூட்டங்கள் வளர்ந்திருந்தன. துளையிடும் கருவியையே இழந்த அச்செல்கள் மருந்து சூழ்ந்த எலும்பு மஜ்ஜையில் மற்றவற்றைவிட நன்றாகப் பிழைத்தன.

தொடர்ச்சியாக ஆயுள் முழுதும் கொடுப்பதைவிட, காலவரை வைத்துக் கொடுத்து நிறுத்துவது நல்லது என்ற கருத்துக்கு இக்கண்டுபிடிப்புகள் வலுச் சேர்க்கின்றன. 389 பேர் பங்கேற்ற முரானோ பரிசோதனையில், ஒரு பிரிவினருக்கு வெனிடோகிளாக்ஸ் இரண்டு ஆண்டுகளும், பி-செல்களைக் குறிவைக்கும் ஆன்டிபாடி மருந்தான ரிட்டுக்சிமாப் முதல் ஆறு மாதங்களும் கொடுக்கப்பட்டுச் சிகிச்சை முடிக்கப்பட்டது. இரண்டு ஆண்டு முடிவில் அவர்களில் நோய் முற்றாமல் இருந்தவர்களின் விகிதம் 84.9 சதவீதம்; பெண்டமஸ்டின் என்ற கீமோதெரபி மருந்தும் ரிட்டுக்சிமாபும் சேர்ந்த கூட்டுச் சிகிச்சை பெற்ற பிரிவில் அது 36.3 சதவீதம். இவ்வாறு நிறுத்திய பின் நோய் திரும்பியவர்களில் பலருக்கு அதே மருந்து மறுபடியும் பலனளிக்கிறது. மருந்து இல்லாத இடைவெளியில், பிசிஎல்-2வை மாற்றிக்கொண்ட செல்லுக்கு மாற்றிக்கொள்ளாத செல்லைவிடச் சாதகம் ஏதும் இருப்பதில்லை.